பயிற்றுநர் கே. இராஜகோபால்

மாலை வேளைகளில் நம் பள்ளித் திடலில் பந்து உதைக்கும் மாணவர்கள் அனைவரும் கோல் அடிப்பவராகவே இருக்க விரும்புகின்றனர். கோல் காவலராக நிற்க எவரும் எளிதில் முன்வருவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரையோ யாரும் நினைப்பதே இல்லை. ஆதலால், அவ்வாறு வெளியே நின்று நாட்டுக்கு வெற்றி தேடித் தந்த ஒரு தமிழரைப் பற்றி எழுதலானேன்.

கே. இராஜகோபால் 1956ஆம் ஆண்டு செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூர்க் குழுவிலும் தேசியக் குழுவிலும் ஆடிப் பின்னர் பயிற்றுநரானவர். ஆட்டக்காரர் தம் கால்களை நம்பலாம்; பயிற்றுநரோ பிறர் கால்களை நம்ப வேண்டியவர்.

2009 டிசம்பரில் லாவோசில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. 23 வயதுக்குட்பட்ட நம் இளைஞர் குழுவை அவர் அழைத்துச் சென்றார். நம் கடாரத்துப் பட்ருல் பக்தியாரும் அக்குழுவில் இருந்தார். பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றனர். இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் அதே வியட்நாம்தான். இம்முறை 1-0 என நாம் வென்றோம். அந்த ஒரு கோலும் வியட்நாம் ஆட்டக்காரர் தம் வலைக்குள்ளேயே தவறுதலாகச் செலுத்தியது. எனினும், 1989க்குப் பின் கிடைத்த முதல் தங்கம் அது.

மறு ஆண்டு அவ்விளைஞர் பலரையே முதன்மைக் குழுவிலும் சேர்த்துச் சுசுகி கிண்ணப் போட்டிக்குச் சென்றார். ச. குணாளனும் கே. குருசாமியும் அதில் இருந்தனர். டிசம்பர் 1ஆம் நாள் இந்தோனேசியா நம்மை 5-1 என நசுக்கியது. வேறொருவராயின் குழுவையே கலைத்து மாற்றியிருப்பார். இவரோ தம் பிள்ளைகளைக் கைவிடவில்லை.

டிசம்பர் 26ஆம் நாள், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றோம். சாபி சாலி இரு கோல்கள் அடித்தார். (பார்வையாளர் சிலர் எதிரணியினர் கண்களில் லேசர் ஒளி பாய்ச்சியதால் ஆட்டம் சற்று நேரம் நின்றது. அச்செயல் எனக்கு இன்றும் நாணம் தருகிறது.) 29ஆம் நாள் ஜகார்த்தாவில் மறு ஆட்டம். திரண்டிருந்த கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையே கோல் காவலர் கைருல் பாமி பெனால்டி உதையைத் தடுத்தார். அவ்வாட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதிலும், மொத்தக் கணக்கில் 4-2 என முந்தி, அக்கிண்ணத்தை முதன்முறையாக மலேசியா வென்றது.

அதற்காக 31.12.2010, வெள்ளிக்கிழமை, நாடெங்கும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் முன்னரே ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தமையால், மாணவர்களுக்கு மட்டும் அதனால் கூடுதல் இலாபம் ஏதுமில்லை!