இட்லித் தட்டும் ஒரு புதிர்தான்

இட்லிப் பானைக்குள் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்துவிடக் கூடாது. கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும். கீழே இருக்கும் மாவு உப்பி மேல்தட்டில் ஒட்டாது. அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்த பெண் பிள்ளைக்குக் கை தானாகத் திரும்பிவிடும். பக்கத்திலேயே நின்ற பையனுக்கு ஏன் திரும்புவதில்லை என்பது வேறு கதை. கனடாவின் டொரொன்டோ நகரில் ஒரு சிறு குழு இந்த இட்லித் தட்டைத் தங்கள் வீடியோ கேமில் ஆட்டக்காரர் முதலில் அவிழ்க்க வேண்டிய புதிராக வைத்தது.

அந்த கேமின் பெயர் 'வெண்பா'. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. சிறுவயதில் கனடா சென்ற அபி என்ற தமிழரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'விசை கேம்ஸ்' இதை உருவாக்கியது. 1980களில் கனடாவில் குடியேறும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவர்தான் குடும்பம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து கலைந்திருக்கிறது. மீதி இருக்கும் வரியையும் படத்தையும் வைத்து ஆட்டக்காரர் யூகித்துச் சமைக்க வேண்டும். புட்டுக்குழலில் எதற்கு மேல் எது வரும், பிரியாணியில் எதை எப்போது போடுவது என்று ஆட்டம் நகரும். தவறினால் அடுப்பும் வெடிக்காது, உயிரும் போகாது. மறுபடி செய்து பார்க்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தச் சின்ன விளையாட்டு 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசை வாங்கியது. அடுத்த மாதமே லண்டனில், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

'வெண்பா'வின் மேல் "பெண்களுக்காக" என்ற முத்திரை எங்கும் கிடையாது. ஆனால் பெண்களை ஈர்க்கும் விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, இதுவரை வந்தவற்றில் நல்ல பதில்களுள் ஒன்று இது. பெண்களின் கையில் இருக்கும் அறிவை 'அலங்காரம்' என்று ஓரத்தில் வைக்காமல், அதையே ஆட்டத்தின் மூளையாக வைத்ததுதான் காரணம்.

அந்த நாற்பது ஆண்டுக் கதையில் சிரிக்கவும் இடம் உண்டு. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த தோரு இவாதானி, விளையாட்டுக் கூடங்களில் பையன்கள் மட்டுமே நின்று வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பெண்களும் காதலர்களும் உள்ளே வரவேண்டுமானால் என்ன செய்யலாம் என்று யோசித்தார். சாப்பிடுவதை மையமாக்கினார், பேய்களுக்குக் கூட அழகான கண்களை வைத்தார். 'பேக்-மேன்' பிறந்தது, உலகமே விளையாடியது. இரண்டே வருடத்தில் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் அதே மஞ்சள் உருண்டைக்கு ரிப்பனும் உதட்டுச்சாயமும் பூசி 'மிஸ் பேக்-மேன்' என்று விட்டார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஓடவும் செய்தது. ஆனால் பெண்ணைக் காட்ட ரிப்பன் போதும் என்ற நினைப்பு அதற்குப் பிறகு அந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை.

1996இல் வந்த 'பார்பி ஃபேஷன் டிசைனர்' முதல் இரண்டு மாதங்களிலேயே ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெட்டி முழுக்க ரோஸ் நிறம். போட்டிக் கம்பெனிகள் அந்த ரோஸை மட்டும் பார்த்துவிட்டு, தாங்களும் அதே நிறத்தில் கேம்களைக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டன. உண்மையில் அதில் வேலை செய்தது வேறு. கணினியில் வடிவமைத்த உடையைத் துணி ஒட்டிய தாளில் அச்சடித்து, வெட்டி, கையில் இருக்கும் பொம்மைக்கு மாட்டலாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்குள் கணினி வந்து சேர்ந்துகொண்டது. நிறத்தை மாற்றியிருந்தாலும் அது விற்றிருக்கும்.

அதே காலத்தில் பிரெண்டா லாரல் என்ற ஆய்வாளர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். முதலில் ஆராய்ச்சி, பிறகு ஆட்டம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார். பெண் பிள்ளைகள் சண்டை விளையாட்டை வெறுப்பதற்கு ரத்தம் முதல் காரணமில்லை, சலிப்புதான் காரணம் என்பது அவருக்குப் பிடிபட்டது. செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி செத்து... இதில் கதை எங்கே, ஆள் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். லாரல் தொடங்கிய 'பர்ப்பிள் மூன்' நிறுவனம் 1997இல் 'ராக்கெட்ஸ் நியூ ஸ்கூல்' என்ற கேமைக் கொண்டுவந்தது. புதுப் பள்ளியில் முதல் நாள். யாரோ கிண்டல் செய்கிறார்கள். என்ன மனநிலையில் பதில் சொல்வது என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம், வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பிப் போயும் பார்க்கலாம். 1999இல் நிறுவனம் மூடப்பட்டது. பார்பியின் சொந்தக்காரரான மேட்டல் அதை வாங்கிக்கொண்டது. "பெண் என்றால் நட்பும் வம்பும்தானா?" என்று பெண்களிலேயே பலர் லாரலைத் திட்டினார்கள். அந்தத் திட்டிலும் நியாயம் இருந்தது.

பெண்ணுக்கெனத் தனி விருப்பம் உண்டு என்ற வாதத்துக்கே இன்னொரு ஆய்வு குறுக்கே நிற்கிறது. யாஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர் பாஸ்டன் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சொந்தமாக கேம் செய்யச் சொன்னார். பின்னக் கணக்கைச் சொல்லித்தரும் கேம் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பையன்கள் மாய உலகமும் வில்லனும் வைத்தார்கள். தப்பாகச் சொன்னால் ஆளே காலி. பெண் பிள்ளைகள் தெரிந்த இடங்களை வைத்தார்கள். தப்பாகச் சொன்னால் இன்னொரு தடவை முயலலாம். அத்தோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த ஆய்வில் சூரியக் குடும்பத்தைப் பற்றி கேம் செய்யச் சொன்னபோது, இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பெண்ணுக்கு இதுதான் பிடிக்கும் என்பது பாதி கட்டுக்கதை. எந்த இடத்தில் வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது.

2017இல் 'குவாண்டிக் ஃபவுண்ட்ரி' என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. மிட்டாய் சேர்க்கும் வகை கேம்களிலும் பண்ணை நடத்தும் கேம்களிலும் ஆடுபவர்களில் 69 சதவீதம் பெண்கள். மேற்கத்திய பாணிக் கதைப்பாத்திர கேம்களில் சராசரி 26 சதவீதம். ஆனால் அதே வகையைச் சேர்ந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' என்ற ஒரே கேமில் மட்டும் 48. வாளும் அசுரனும் அதிலும் உண்டு. கூடவே, நாயகியாகவே ஆட வழியும் பேசத் தகுந்த பாத்திரங்களும் இருந்தன.

தொடக்கத்தில் சொன்ன வடக்கனந்தல், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. பக்கத்தில் கச்சிராயபாளையம், கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த மாதிரி ஊரில் பெண்களுக்கான கேம் என்ற பேச்சு வரும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி நிறமோ கதையோ அல்ல. போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது தொட்டிருந்த ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33. கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒருவர்தான். இப்போது கூடியிருக்கும். ஆனால் அண்ணனின் போன், அப்பாவின் போன், "அஞ்சு நிமிஷம் குடு" என்று வாங்கும் போன் என்ற நிலை மாறவில்லை. அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் "ஏ பாப்பா, தண்ணி வருது பாரு" என்று ஒரு குரல் வரும். ஓடிப்போய்க் குடத்தை வைத்துவிட்டு வந்தால் ஆட்டம் விட்ட இடத்தில் இருக்க வேண்டும். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஆகவே இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். போனின் சொந்தக்காரருக்கு இடம் அடைக்கக் கூடாது. தமிழில் பேச வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் பெண்களுக்கான வடிவமைப்பு. பெரிய ஸ்டூடியோக்களின் கூட்டங்களில் இது கடைசியாகத்தான் பேசப்படும்.

வீட்டுப் பெரியவர்களின் பயமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் "ஆன்லைன் கேம்" என்றாலே பலருக்கு ரம்மியும் கடனும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு அரசு 2022இல் அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்தது. பெண் பிள்ளை என்றால் முன்பின் தெரியாதவன் பேச்சுக் கொடுப்பான் என்ற பயமும் சேரும். அது வீண் பயமில்லை. கூட்டாக ஆடும் துப்பாக்கி கேம்களில் பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுவது உலகெங்கும் நடக்கிறது.

இதற்கும் அறிவுரையைவிட வடிவமைப்பே நல்ல மருந்து. 2012இல் வந்த 'ஜர்னி' என்ற கேமில் பாலைவனத்தில் நடந்துபோகும்போது, உலகின் வேறு மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் துணையாக வந்து சேர்வார். பெயர் தெரியாது, குரல் கேட்காது. மணி போல ஓர் ஒலி மட்டும் எழுப்பலாம். உருவாக்கும் காலத்தில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் மோதிக்கொள்ள முடிந்தது. சோதித்துப் பார்த்தவர்கள் துணையைத் தள்ளிவிட்டுக் கொன்று மகிழ்ந்தார்கள்! அதை வடிவமைத்த ஜெனோவா சென்னின் குழு மோதும் வசதியையே எடுத்துவிட்டது. அதன் பிறகு அதே மனிதர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

இவ்வளவு தூரம் போய்த் தேடும் சங்கதிகள் பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்பதுதான் வேடிக்கை. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளலாம். பதினான்கு குழி, கைநிறையப் புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி வரிசையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சேர்ந்தால் 'பசு'. நாலைந்து குழி தள்ளி என்ன நடக்கும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதில்தான் சூட்சுமம். எதிராளி எழுந்து போனாலும் கொட்டை அப்படியே இருக்கும். தண்ணீர் பிடித்துவிட்டு வந்து தொடரலாம். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் தனியாக ஆட 'சீதைப் பாண்டி' உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியதாக ஒரு கதையும் அதற்குச் சொல்வார்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'க்ரீடா' இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதுப்பித்து விற்றுவருகிறது. போனிலும் பல்லாங்குழி வந்துவிட்டது. ஆனால் பல செயலிகள் கொட்டையைத் தாங்களே ஓடவிட்டுக் கணக்கையும் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஆட்டத்தின் ருசியே அந்த எண்ணிக்கையில் இருந்தது என்பது செய்தவருக்குத் தெரியவில்லை போலும்.

கோலத்தின் கதை இதைவிடப் பெரியது. 1970களில் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும், கோலத்தைக் கணினி எப்படி வரையும் என்பதற்கு இலக்கண விதிகளை எழுதினார்கள். 1974இல் அது உலக ஆய்வு இதழில் வந்தது. படங்களை விதிகளால் உருவாக்கும் கணினி அறிவியல் பிரிவுக்கு, வாசலில் குனிந்து புள்ளி வைத்த பெண்கள் பாடப்பொருள் கொடுத்தார்கள். புள்ளி, கம்பி, கையெடுக்காமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும் விதி: ஒரு நல்ல புதிர் கேமுக்கு வேண்டியது எல்லாம் இதில் தயாராக இருக்கிறது.

செய்யும் ஆட்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். தம்பியைத் தேடிப் போகும் ஒரு வித்தைக்காரச் சிறுமியை நாயகியாக்கிய 'ராஜி' 2020இல் புனேயிலிருந்து வந்தது. அதன் கலைக்குத் தலைமை தாங்கியவர் ஸ்ருதி கோஷ். அதே ஆண்டு, உலகப் பெண் கேம் கலைஞர்களுக்கான புகழ் மன்றத்தில் இந்தியாவிலிருந்து முதல் ஆளாகப் பூர்ணிமா சீதாராமன் இடம்பெற்றார். கேம் செய்வது என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று ஊர்ப்பக்கம் நினைக்கிறார்கள். படம் வரைய, வசனம் எழுத, இசை போட, எங்கே சலிக்கிறது என்று ஆடிப் பார்த்துச் சொல்ல, அத்தனைக்கும் அந்தத் தொழிலில் சம்பளம் உண்டு.

நிரல் எழுதுவதும் அவ்வளவு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. 'கோடோட்' போன்ற கேம் மென்பொருள் இலவசம். கச்சிராயபாளையம் பக்கம் அந்தப் பாடத்தைப் படிக்கும் ஒரு மாணவி பல்லாங்குழியைக் கணினியில் எழுத நினைத்தால், தொடக்கத்துக்குப் பதினான்கு எண்கள் கொண்ட ஒரு பட்டியல் போதும். சிக்கல் வேறு இடத்தில் வரும். குழிக்கு ஐந்து கொட்டையா ஆறா, சேர்ந்த பசு குழிக்காரருக்கா போட்டவருக்கா என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதை முதலில் பாட்டியோடும் அத்தையோடும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டுதான் அவள் முதல் வரியை எழுத முடியும்.