அக்கானிக்குச் சுண்ணாம்பு, பீருக்கு ஹாப்ஸ்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் யாரும் வெளிநாட்டில் இல்லாத வீடு இன்று குறைவு. ஆறு மாதம் அவர்களோடு இருந்துவிட்டு வரும் பெற்றோர் பேரன் பேத்தி கதையெல்லாம் சொல்லி முடித்தபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும் ஒரு செய்தி உண்டு: "பையன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான்!"

அந்தக் கலக்கத்தை நானும் அனுபவித்தவன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் என் மகன் வீட்டுக் கார் ஷெட்டில் அண்டாவும் குழாயும் கண்ணாடி ஜாடியுமாகப் பார்த்தபோது, இதற்காகவா இவனைப் படிக்க வைத்தோம் என்றே தோன்றியது. "அப்பா, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க" என்றான். உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். குடிப்பதற்கு இது சிபாரிசு அல்ல. பிள்ளைகளோடு சண்டை போடுவதற்கு முன்பு விஷயம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சாராயம் வேறு, பீர் வேறு

"காய்ச்சுவது" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். அதில் நியாயமும் உண்டு. 1982 ஓணத்தின்போது கொச்சிக்கு அருகே வைப்பீனில் 77 பேர் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தவர்கள் 60 பேருக்கும் மேல். இந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால் என்னும் தொழிற்சாலை ரசாயனம் கலந்ததுதான்.

பீரில் வடித்தல் என்ற வேலையே கிடையாது. பார்லியை முளைகட்டி உலர்த்தி (அதுவே மால்ட்), உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளையில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இரண்டு வாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் ஆல்கஹால் உள்ள பீர் தயார். இதில் மெத்தனால் உண்டாவது மிகச் சொற்பம். நச்சாகும் அளவுக்கு வராது.

அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்டதே. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963 முதலே வீட்டுத் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை.

கலயத்தில் நடக்கும் ரகசியம்

இனி ஹாப்ஸுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்குச் சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் அக்கானி என்றும் மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்றும் சொல்வது, பாளை சீவிய பனையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். வெறும் கலயத்தில் இறக்கினால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கி, கீழே வருவதற்குள் கள்ளாக்கிவிடும். மறுநாள் பாக்டீரியா புகுந்து புளிக்கவைக்கும். அப்படியே விட்டால் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினாலோ, காரத்தன்மை காரணமாக ஈஸ்ட், பாக்டீரியா இரண்டுமே அடங்கிவிடும். அக்கானி அக்கானியாகவே இறங்கும். இலங்கையில் கள் இறக்குபவர்கள் 'ஹல்' என்ற மரத்தின் பட்டையைக் கலயத்தில் போட்டுப் புளிப்பைத் தாமதப்படுத்துவதுண்டு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சுண்ணாம்புக்குப் பதிலாக ஐஸ் பெட்டியை வைத்துத் தென்னை நீராவைக் குளிர்ச்சியாகவே சேகரிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. எல்லாம் ஒரே கேள்விக்கான விடைகள்தான்: இனிப்பு நீரில் யாரை வாழவிடுவது, யாரைத் தடுப்பது?

பீரில் இந்த வேலையைச் செய்வது ஹாப்ஸ். இது ஒரு கொடி. ஆறு மீட்டர் உயரம் வரை கயிற்றில் ஏறும். பெண் கொடியின் பூங்கொத்து, சிறிய பச்சைக் கூம்பு போல இருக்கும். அதன் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அந்தப் பொடியில் கசப்பு அமிலங்களும் வாசனை எண்ணெய்களும் உள்ளன. கொதிக்கும்போது அமிலங்கள் உருமாறிப் பீரில் கரைகின்றன. அவை புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை வளரவிடாது. ஆனால் ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. ரயில்வே பாஷையில் சொன்னால், எல்லா வண்டிகளையும் நிறுத்தும் சிவப்பு சிக்னல் சுண்ணாம்பு. கூட்ஸை லூப் லைனில் நிறுத்திவிட்டு மெயிலுக்கு வழிவிடும் ஸ்டேஷன் மாஸ்டர் ஹாப்ஸ்.

இந்த குணத்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகளும் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வரவேண்டிய பீரில் ஹாப்ஸை அதிகமாகச் சேர்த்து அனுப்பின. இன்று உலகமெங்கும் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் நிலைத்திருப்பதன் மூலம் இதுதான். ஹாப்ஸுக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் உள்ள திருவனந்தபுரத்தில் அது சரிவரப் பூக்காது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்து யக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது.

கடைசியில் தூவும் கொத்தமல்லி

ஹாப்ஸ் இன்று பல வடிவங்களில் கிடைக்கிறது. உலர்ந்த முழுப் பூ. அதை அரைத்து அழுத்திய பெல்லட். கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பிரித்தெடுத்த கெட்டியான சாறு. கடுங்குளிரில் இலைப்பகுதியை நீக்கி மஞ்சள் பொடியை மட்டும் செறிவாக்கிய 'கிரையோ' வகை. இந்தக் கடைசி வகை 2017இல் சந்தைக்கு வந்தது. என் மகனும் நண்பர்களும் ஒரே சாற்றை நாலு ஜாடியில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை போட்டு, எடையும் தேதியும் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை புட்டிகளை மாற்றிக்கொண்டு குறை நிறை சொல்கிறார்கள். ஒருவர் ஜாடியின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை இன்னொருவர் வாங்கிப் போகிறார். நம் வீடுகளில் உறைமோர் வாங்குவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொதிக்கும்போது போட்டால் கசப்பு கிடைக்கும், வாசனை ஆவியாகிவிடும். அதனால் நொதித்து முடிந்த பீரில் மறுபடி ஹாப்ஸ் போடுவதுண்டு. ரசத்தை இறக்கியபின் கொத்தமல்லி தூவுவது போல. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நான் அங்கிருந்தபோது ஒரு நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஷெட் முழுக்கக் கண்ணாடித் தூள். பகலில் என் பேத்தி சைக்கிள் நிறுத்தும் இடம் அது.

காரணத்தைத் தேடினோம். ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரைத் தொகுதிகள் பீரில் மிஞ்சியிருக்கும். ஹாப்ஸில் இயற்கையாக உள்ள என்சைம்கள் அவற்றை உடைத்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக்கிவிடுகின்றன. கொதித்த ஹாப்ஸில் என்சைம் செத்துப்போகும். கடைசியில் போட்டதில் உயிரோடு இருக்கும். முடிந்துவிட்டதென்று நினைத்த நொதிப்பு, மூடிய புட்டிக்குள் மறுபடி தொடங்குகிறது. பிரிட்டனில் 1893இலேயே பிரவுன், மோரிஸ் என்ற இருவர் இதை விளக்கியிருந்தார்கள். பிறகு பலரும் மறந்துவிட்ட இந்த விஷயம், அண்மைக் காலத்தில்தான் மறுபடி பேசப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். சாதாரண பீர்ப் புட்டியில் 20 டிகிரி வெப்பத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம். லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கூடுதலாக நொதித்தால் அது நாலரைக் கிலோவைத் தாண்டும். நம்மூர் 30 டிகிரியில் ஆறு கிலோவுக்கும் மேல். ரயில் பெட்டிகளின் ஏர் பிரேக்கில் பிரேக் பைப்பில் 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் வைக்கிறோம். அதுவும் இரும்புக் குழாயில், சோதித்துப் பார்த்து. அதே அழுத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குழந்தை நடமாடும் இடத்தில் வைக்கலாமா?

மகனிடம் நான் கோபப்படவில்லை. இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டினேன். அன்று முதல் அவன் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறான். ஹாப்ஸ் போட்டபின் ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவு பல நாள் மாறாமல் நின்றால்தான் புட்டியில் அடைப்பது. கனமான புட்டிகளையே பயன்படுத்துவது. அவற்றை மூடிபோட்ட பெட்டியில், குளிர்ந்த இடத்தில் வைப்பது. இன்னொன்றும் தெரிந்துகொண்டோம்: ஹாப்ஸ் சக்கையை நாய் தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் நாய் இருந்தால் சக்கையை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

இங்கே வேண்டாம்

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், "இங்கேயும் ஒரு தடவை செய்து காட்டட்டுமா?" என்று கேட்கலாம். கண்டிப்பாக வேண்டாம். கொச்சி சமஸ்தானக் காலத்திலிருந்து வந்த 1077ஆம் கொல்லம் ஆண்டின் (கி.பி. 1902) அப்காரி சட்டமே கேரளத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயின் பற்றியே எக்சைஸ் துறை எச்சரிக்கை விட்டது நினைவிருக்கும். கள்ளப்பத்துக்கு மாவு புளிப்பதோடு நம் வீட்டு நொதிப்பு நிற்கட்டும்.

அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை மகனிடமும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. முன்பு மாதம் இருமுறை காய்ச்சியவன் இப்போது ஒருமுறைதான் காய்ச்சுகிறான்.

ஆகவே அடுத்தமுறை பிள்ளைகள் வீட்டு ஷெட்டில் ஜாடியைப் பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஹாப்ஸ் எப்போது போட்டாய்? ஹைட்ரோமீட்டர் என்ன காட்டுகிறது?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்து கேட்கும் தகப்பனிடம் பிள்ளை மறைக்க மாட்டான். அளவைக் குறைத்துக்கொள் என்று நாம் சொல்லும் சொல்லும் அப்போதுதான் அவன் காதில் ஏறும்.