வாங்கிய பெட்டிக்குள் வாங்காத மென்பொருள்! தெரியுமா?

கொள்ளுத்தாத்தா போட்ட ஒரு கையெழுத்து இன்றைக்கும் புதுச்சேரியில் கொள்ளுப்பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தையும் சொத்தையும் ஆள்கிறது, தெரியுமா? 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்'கள். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், 1962-இல் இணைப்பும் சட்டப்படி முடிந்தது. அந்தக் குடும்பங்களை விட்டு அந்தச் சட்டம் மட்டும் போகவில்லை. அலுவலக மூலைகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய யூனிக்ஸ் சர்வர்களின் உரிமமும் அப்படித்தான்! விற்ற கம்பெனியே கைமாறிப் போயிருக்கும், நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கும்.

ஒரு காலத்தில் கணிப்பொறி வாங்கினால் மென்பொருள் சும்மா வந்தது, தெரியுமா? 1969 ஜூன் 23 அன்று ஐபிஎம் இரண்டையும் சேர்த்த அந்தக் கட்டைப் பிரிப்பதாக அறிவித்தது. இயந்திரத்துக்கு ஒரு விலை, பல மென்பொருள்களுக்குத் தனி விலை! அதே 1969-இல்தான் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தது.

மைக்ரோசாஃப்டும் யூனிக்ஸ் விற்றது என்றால் நம்புவீர்களா? 1970-களின் கடைசியில், யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்டு டியிடம் உரிமம் வாங்கினார்கள். அந்த உரிமத்தில் 'யூனிக்ஸ்' என்ற பெயர் அடங்கவில்லை. அதனால் 'ஜெனிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே இருப்பது யூனிக்ஸ், பெயருக்கு உரிமை இல்லை!

என்னை இன்னும் மலைக்க வைப்பது சி கம்பைலர் கதை. யூனிக்ஸே சி மொழியில் எழுதப்பட்டது. அப்படியிருக்க, 1992-இல் சன் நிறுவனம் சோலாரிஸ் 2-ஐக் கொண்டுவந்தபோது கம்பைலரைக் கட்டிலிருந்து உருவி, தனி விலைக்கு வைத்துவிட்டது! சிசி என்று தட்டினால், அந்த மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று ஒரு வரிதான் பதில் வரும். கட்டளை இருக்கிறது, கம்பைலர் இல்லை! எச்பி-யுஎக்ஸில் வேறு விதம். கூடவே வரும் சிறு கம்பைலர் கெர்னலை மறுபடி கட்டுவதற்கு மட்டும்தான். முழு ஆன்சி சி வேண்டுமானால் தனியாகக் காசு. பலரும் கட்டற்ற கம்பைலரான ஜிசிசி-யின் பக்கம் ஓடினார்கள். ஜிசிசி உலகெங்கும் பரவ, கம்பைலரைப் பூட்டி வைத்தவர்களே பெரிய காரணம் என்பேன்.

உரிமம் ஒரு பேட்டரியின் ஆயுளோடு சாகும் என்பது தெரியுமா? பழைய சன் பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் 'ஹோஸ்ட்ஐடி' என்ற அடையாள எண் உண்டு. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய மென்பொருளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். எண் குடியிருப்பது ஒரு சின்னச் சிப்புக்குள். அதன் உயிர் அதற்குள்ளேயே அடைத்து வைத்த லித்தியம் பேட்டரி. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அது தீர்ந்தால் எண் அழிந்துவிடும், நேற்று வரை ஓடிய மென்பொருள் இன்றைக்கு 'நீ யார்?' என்று கேட்கும்! இந்தப் பெட்டிகளை நேசிப்பவர்கள் சிப்பின் மேலோட்டை அறுத்துப் பழைய பேட்டரியைத் துண்டித்து, நாணய வடிவப் பேட்டரியைப் பற்றவைத்து, ஹோஸ்ட்ஐடியைக் கையால் திரும்ப எழுதுகிறார்கள். அந்த எண்ணை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்தவர் பாக்கியசாலி.

தாள் என்றதும் எஸ்சிஓ நிறுவனத்தின் யூனிக்ஸ் நினைவுக்கு வருகிறது. 1984-இல் பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு நம் வங்கிகளில் கணிப்பொறி நுழைய வழி சொன்ன பிறகு, கிளைகளில் யூனிக்ஸ் பரவியது. எஸ்சிஓ-வில் இரண்டு பேருக்கு மட்டும் என்றொரு உரிமம் உண்டு. மூன்றாவது ஆள் நுழைய வட்டில் எதையும் கூட்ட வேண்டாம், புதிய எண்ணும் சாவிக்குறியும் அச்சிட்ட சான்றிதழ்த் தாள் போதும்! வட்டு தொலைந்தால் இன்னொரு வட்டு கிடைக்கும். தாள் தொலைந்தால் உரிமத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் கோப்பு அலமாரியைத் தேடுங்கள், தயவுசெய்து.

ஒரே ஒரு நிபந்தனை லினக்ஸ் வரைக்கும் போனது தெரியுமா? ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1970-களில் ஆறாம் பதிப்பு யூனிக்ஸுக்கு வரிக்கு வரி உரை எழுதினார். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், வகுப்பில் மூலநிரல் நடத்தக் கூடாது என்றது. மாணவர்கள் அந்த உரையை நகலுக்கு நகல் எடுத்துப் படித்தார்கள். முறையாக அச்சானது 1996-இல்தான். பாடம் நடத்த நிரல் இல்லாத பேராசிரியர் டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதினார். அதை வாங்கி ஓட்டிப் பார்த்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார்!

பிரான்சுக்கென்றே ஒரு கட்டற்ற உரிமம் இருப்பது தெரியுமா? 2004-இல் மூன்று பிரெஞ்சு ஆய்வு அமைப்புகள் சேர்ந்து தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப எழுதிய 'செசில்'. அதன் இரண்டாம் பதிப்பில் பிரெஞ்சு வாசகமும் ஆங்கில வாசகமும் சரிசமம். புதுச்சேரித் தெருப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், சட்டப்படி செல்லும் உரிம வாசகம் ஒன்று தமிழிலும் வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.