பூமி பிளந்த கதை – 11: செவ்வாத்தூர்ச் செதில்கள்

போன வாரம் நர்மதைப் பிளவில், குஜராத்தின் அம்பா டோங்கரில் நிறுத்தியிருந்தோம். கண்டம் இழுபட்டு மெலிந்தால் அடியில் உள்ள மேன்டில் உருகும் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் திருப்பத்தூர் வாசகர் ஒருவர் அனுப்பிய தீப்பெட்டி ராயப்பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பெட்டிக்குள் பொன்னும் பழுப்பும் கலந்த செதில்கள். திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கிடைக்கும் வெர்மிகுலைட். ஒரு சிட்டிகையை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செதில் துள்ளியது, அடுத்தது நெளிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் எழும்பத் தொடங்கின. அகலவாட்டில் அசைவே இல்லை, கனம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தாள் கனமே இருந்த செதில் பல மடங்கு தடித்து நின்றது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மைக்கா வகைக் கனிமங்கள் ஏடு ஏடாக அமைந்தவை. வெர்மிகுலைட்டில் அந்த ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் சிறைப்பட்டிருக்கின்றன. திடீரென்று சூடேறினால் தண்ணீர் ஆவியாகும். வெளியேற வழி போதாமல் ஏடுகளை நெம்பித் தள்ளும். பத்து மடங்குக்கு மேல்கூட உப்பும். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதை முளைக்கப்போட நர்சரியில் வாங்குகிறார்களே, பொன்னிறத்தில் பொலபொலவென்று, அது இப்படி உப்ப வைத்த சரக்குதான். செவ்வாத்தூரில் இதை வெட்டி எடுத்துச் சூளையில் உப்ப வைத்து விற்பது தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின். அதன் தலைமை அலுவலகம் இங்கே பக்கத்திலேயே, சேப்பாக்கத்தில் இருக்கிறது.

பூமி பிளந்த கதையில் தோட்டச் சாமான் எதற்கு? அந்த மைக்கா பிறந்த இடம் அப்படிப்பட்டது. செவ்வாத்தூரில் பைராக்சினைட் என்னும் கரும்பாறையும் கார்பனடைட் என்னும் வெளிர்பாறையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பைராக்சினைட்டில் உண்டான மைக்காவிலிருந்து நீர் காலகாலமாகப் பொட்டாசியத்தை அரித்துக்கொண்டு போக, அந்த இடத்தில் தண்ணீர் குடியேறியது. அப்படித்தான் மைக்கா வெர்மிகுலைட் ஆனது. மூலப் பாறைகளின் வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு. பக்கத்து ஏலகிரி மலையின் சயனைட்டும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. சாமல்பட்டியிலும் பக்கநாட்டிலும் உறவுக்காரப் பாறைகள் உண்டு. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் இந்த வரிசையைப் பழைய கண்டப் பிளவின் தடம் என்று வாசிக்கும் புவியியலாளர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். மேலே எரிமலை இருந்திருந்தால் அது என்றோ கரைந்துபோயிருக்கும். நாம் இன்று நடப்பது அதன் அடிவயிற்றில்.

கார்பனடைட் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போலவே பொங்கும். இது கடலடியில் படிந்ததல்ல, நெருப்பாக வந்தது என்று எப்படித் தெரியும்? வேதியியல் சொல்லிவிடும். கடல் சுண்ணாம்புக்கல்லில் ஸ்ட்ரான்ஷியம் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருக்கும். கார்பனடைட்டில் பல ஆயிரம் பங்கு. லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களும் அப்படியே குவிந்திருக்கும். செவ்வாத்தூரில் இவற்றோடு நயோபியமும் யுரேனியமும் கலந்த பைரோகுளோர் என்ற கனிமமும் உண்டு.

இவை இப்படிக் குவிவது எப்படி? தேங்காய்த் துருவலைப் பிழிந்தால் முதல் பாலில்தான் சத்து முழுவதும் இறங்கும். பிளவின் ஆழத்தில் மேன்டில் நூற்றில் ஒரு பங்குகூட உருகாத நிலையில் கசியும் முதல் குழம்பும் அத்தகையது. திடப்பாறையின் படிகங்களில் பொருந்தாத தனிமங்கள் எல்லாம் அதில் இறங்கிவிடும். கரியமில வாயுவும் அதோடு சேரும்.

இந்தப் பாறை உருகி ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. தான்சானியாவில், கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவில் ஓல்டோய்னியோ லெங்காய் என்று ஒரு மலை. மசாய் மக்களுக்குக் கடவுளின் மலை. அங்கே 1960-இல் நடந்த எரிமலைப் பொழிவை ஆராய்ந்த பாரி டாசன், வெளிவந்தது சோடியம் கார்பனேட் லாவா என்று 1962-இல் எழுதினார். சலவைச் சோடாவின் குடும்பம்! பசால்ட் லாவாவின் வெப்பம் 1,100 டிகிரிக்கு மேல்; இது 500 முதல் 600 டிகிரிதான். பகலில் செம்மை தெரியாது, கரிய திரவமாகச் சரசரவென்று ஓடும். காற்றின் ஈரம் பட்டதும் சீக்கிரமே வெளுத்துப்போகும். அந்த லாவாவில் இருக்கும் ஒரு கனிமத்துக்கு நயரரைட் என்று பெயர், தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நயரரேயின் பெயரால். உலகில் இன்று கார்பனடைட் லாவாவைக் கக்கும் எரிமலை இது ஒன்றுதான்.

செவ்வாத்தூரில் அந்தச் சோடாவைத் தேடினால் கிடைக்காது. அது தண்ணீரில் கரைவது. இத்தகைய குழம்புகளில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் சுற்றியுள்ள பாறைகளுக்குள் ஊறி, அவற்றின் உருவையே மாற்றிவிடும்.

ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகள் அடுத்த வாரம், கண்டிப்பாக. அதற்குள் மாடித் தோட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வெர்மிகுலைட் பையில் எந்த ஊர்ச் சுரங்கம் என்று அச்சிட்டிருந்தால் எழுதியனுப்புங்கள். மண்ணில் கலக்குமுன் அதில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.