ஆர்.சி. டிரக்கை மேம்படுத்துதல்

வானலை வழியே தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறிய மாதிரி டிரக், ஆர்.சி. டிரக் எனப்படுகிறது. சாதாரண ரிமோட் பொம்மையில் பழுதானால் வண்டியையே தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஆர்.சி. டிரக்கில் மோட்டார், பல்சக்கரம், சக்கரக் கை என ஒவ்வொரு பாகத்தையும் தனியே கழற்றி மாற்றலாம். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 என்ற மாதிரிக் காருடன் இத்துறையில் நுழைந்தது. அதன் கிளாட் பஸ்டர் டிரக் 1987-இல் இரண்டு மோட்டார்களுடன் வந்தது. அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஸ்லாஷ், 1:10 அளவுள்ள டிரக்குகளில் பெயர்பெற்றது.

வேகமும் மோதலும்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 40 கி.மீ. ஓடிய டிரக் 60 கி.மீ. ஓடினால் வேகம் 1.5 மடங்குதான், ஆனால் சுவரில் மோதும்போது அது தாங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. அதனால் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் வண்டியை உறுதிப்படுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், புதிய மோட்டார் போட்ட சில நாட்களிலேயே பல்சக்கரத்தின் பற்கள் உதிரும்.

முதலில் உறுதி

விலை குறைந்த டிரக்குகளில் சக்கர அச்சு பிளாஸ்டிக் புஷ்ஷில் சுழலும். அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டால் உராய்வு குறையும், அச்சும் ஆடாது. ஈரோடு, கோவைப் பகுதிகளின் செம்மண் புழுதியில் ஓட்டுவோருக்கு ரப்பர் மூடியுள்ள பேரிங் ஏற்றது. அடுத்ததாக, டிபரன்ஷியலில் உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்குப் பதில் எஃகுச் சக்கரங்களைப் பொருத்தலாம்.

எல்லாப் பாகத்தையும் உலோகமாக்குவது நல்லதன்று. நைலான் சக்கரக் கை மோதலில் வளைந்து மீண்டும் நிமிரும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான்; வளையாவிட்டால் அடி முழுவதும் அது பொருந்தியுள்ள அடிச்சட்டத்துக்குப் போய்விடும். உலோகத்தில் முடுக்கும் திருகுகள் அதிர்வில் கழலாமல் இருக்க நூல்பூட்டுப் பசை ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் முடுக்கும் திருகுகளுக்கு அதைப் போடக்கூடாது.

பிறகு வேகம்

பழைய வகை மோட்டாரில் மிக்ஸியில் இருப்பது போல கார்பன் பிரஷ் உண்டு. அது உரசித் தேயும். பி.எல்.டி.சி. மின்விசிறியில் உள்ளது போன்ற பிரஷ் இல்லாத மோட்டாரில் அந்தத் தேய்மானமும் இழப்பும் இல்லை. இந்த மோட்டாருக்கு உரிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மோட்டாரில் கே.வி. என்று குறித்திருக்கும் எண், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் காட்டும். 3500 கே.வி. மோட்டார், இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் 25,900 சுற்றும், மூன்று செல்லின் 11.1 வோல்ட்டில் 38,850 சுற்றும் சுழலும். மூன்று செல்லைத் தாங்குமா என்பதை மோட்டாரிலும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் பார்த்த பின்பே மாற்ற வேண்டும்.

மோட்டார் அச்சில் உள்ள சிறிய பினியனை 20 பல்லிலிருந்து 22 பல்லாக மாற்றினால் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆனால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். ஆகவே ஒருமுறைக்கு ஒன்றிரண்டு பற்களுக்கு மேல் கூட்டக்கூடாது. பினியனுக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே ஒரு தாள் துண்டை வைத்து இறுக்கி, பின் உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும்.

வெப்பமும் பேட்டரியும்

கோடையில் ஈரோட்டின் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும். அப்போது மோட்டார் ஆறுவது கடினம். ஐந்து நிமிடம் ஓட்டியபின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். 80 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிட்டு, பினியனில் பற்களைக் குறைப்பது நல்லது. நெற்றியில் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி தேவை.

லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. அதற்கென உள்ள சமன்படுத்தும் சார்ஜரில், ஆள் பார்வையில் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் எந்தப் பேட்டரியையும் விட்டுவைக்கக்கூடாது.

60 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு கிலோ டிரக் காலில் பட்டால் எலும்பு முறியக்கூடும். பொதுச் சாலையிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஓட்டாமல், ஆளில்லாத திடலில் ஓட்டுவதே முறை.