பழச்சாறு பிழியும் கருவியா, மிக்சியா?

தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பகுதிகள் பழவளம் மிக்கவை. முதலமடையின் மாந்தோப்புகளும், ஆரஞ்சு பயிராகும் நெல்லியாம்பதி அரசுப் பண்ணையும், காந்தளூரின் ஆப்பிள் மரங்களும் பலர் அறிந்தவை. குமுளியிலிருந்து மலைச்சாலை வழியே இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை கிடைக்கிறது. இத்தகைய இடங்களில், "வீட்டிற்கு ஜூசர் வாங்குவதா, இருக்கும் மிக்சியே போதுமா?" என்னும் வினா எழுவது இயல்பே. களப் பணியாளரும் ஆசிரியரும் இவ்வினாவிற்குத் தக்க விடை கூற வேண்டுமாயின், கருவியின் விலையைக் காட்டிலும், அது பழத்தை என்ன செய்கிறது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

கருவிகள் வேலை செய்யும் விதம்

மிக்சியில் ஜாடியின் அடியிலுள்ள கூரிய தகடு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கிறது. பழம் சிதைந்து கூழாகிறது. அதிலிருந்து எதுவும் வெளியேற்றப்படுவதில்லை. நார், சதை, சாறு ஆகிய யாவும் ஜாடிக்குள்ளேயே இருக்கின்றன.

ஜூசரின் வேலை பிரித்தெடுத்தல். இதில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில், பற்கள் கொண்ட தட்டு பழத்தைத் துருவுகிறது. விரைந்து சுழலும் சல்லடைக் கூடை சாற்றை வெளியே வீசிச் சக்கையை ஒதுக்குகிறது. இரண்டாவது வகையில், திருகு போன்ற தண்டு ஒன்று நிமிடத்திற்கு 40 முதல் 100 சுற்றுகளே சுழன்று பழத்தை நசுக்கிப் பிழிகிறது. மெதுவாகப் பிழிவதால் சாற்றில் காற்றுக் கலப்பது குறைவு, நுரையும் குறைவு. எவ்வகையாயினும் நாரின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது.

வேகமாக அரைக்கும்பொழுது எழும் வெப்பம் சத்துகளை அழித்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அரைப்பதனால் பழம் அதிகம் சூடேறுவதில்லை. வைட்டமின் 'சி' குறைவதற்குக் காற்றும் நேரமுமே முக்கியக் காரணங்கள். எம்முறையில் எடுத்த சாறாயினும் உடனே பருகுதலே நன்று.

நார் போனால் என்ன?

100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் ஏறத்தாழ 2 கிராம் நார் உண்டு. வடித்த சாற்றில் அது மிகச் சொற்பமே. ஆனால் சர்க்கரை முழுவதும் சாற்றோடு வந்துவிடுகிறது. 200 மில்லி லிட்டர் கொண்ட ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 16 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருக்கும். இக்குவளையை நிரப்ப மூன்று, நான்கு பழங்கள் தேவை. நான்கு பழங்களை ஒருவர் ஒரே வேளையில் தின்பது அரிது, குடிப்பதோ எளிது.

இதனை விளக்கும் பரிசோதனை ஒன்று 1977-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரே அளவு மாவுச்சத்துடைய ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், நாரற்ற சாறாகவும் 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். முழுப் பழத்தைக் காட்டிலும் சாறு 11 மடங்கு விரைவாக உட்சென்றது. கூழைக் காட்டிலும் 4 மடங்கு விரைவாகச் சென்றது. வயிறு நிறைந்த உணர்வு பழத்தில் மிகுதி. கூழில் அதனிலும் குறைவு. சாற்றில் எல்லாவற்றினும் குறைவு. ஆகவே மிக்சிக் கூழ் இடைநிலையில் உள்ளது. அது சாற்றினும் மேலானது. எனினும் பழத்திற்கு ஈடன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே கணக்கிட்டுள்ளது. முழுப் பழத்திலுள்ளதை அவ்வாறு கணக்கிடவில்லை. நீரிழிவு உடையோருக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பழச்சாறு தேவையில்லை என்பதையும் தாய்மார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

சாறாகப் பருகுவதில் உள்ள அபாயம்

கேரளத்திலேயே நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் அவசியம். மலையாளத்தில் இரும்பன் புளி எனப்படும் பிலிம்பிக்காய் பல வீட்டுத் தோட்டங்களில் காய்க்கிறது. மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். இரத்தக் கொழுப்புக் குறையும் என்று நம்பிச் சிலர் இதனைச் சாறாக்கிப் பருகத் தொடங்கினர். இக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இச்சாற்றைப் பருகியபின் சிறுநீரகம் செயலிழந்த 10 நோயாளிகளைப் பற்றிக் கேரளத்தின் 5 மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய அறிக்கை 2013-இல் வெளிவந்தது. அவர்களில் 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய நேர்ந்தது.

சுரைக்காய்ச் சாற்றிலும் எச்சரிக்கை தேவை. கசக்கும் சுரைக்காயில் உள்ள நச்சுப் பொருள் கடும் வாந்தியையும் இரத்தக் கசிவையும் விளைவிக்கக் கூடும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. சுரைக்காய்ச் சாறு சிறிதேனும் கசந்தால் கொட்டிவிட வேண்டும். இனிப்புச் சேர்த்துக் கசப்பை மறைத்தல் கூடாது.

இவற்றில் குற்றம் கருவியினுடையதன்று. எனினும், மெல்லும்பொழுது வாயும் வயிறும் இடும் தடையைச் சாறு நீக்கிவிடுகிறது. கையளவு உண்ணத் தகுந்ததைக் குவளையளவு உண்ணச் செய்கிறது. இதுவே நாம் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை.

எப்பழத்திற்கு எக்கருவி?

மா, வாழை, சப்போட்டா, பப்பாளி முதலிய சதைப்பற்றுள்ள பழங்களுக்கு மிக்சியே ஏற்றது. ஜூசரில் இவை சல்லடையை அடைத்துக்கொள்ளும். கேரட், பீட்ரூட் போன்ற கடினக் கிழங்குகளிலிருந்து தெளிந்த சாறு வேண்டுவோர்க்கு ஜூசர் பயன்படும்.

ஆரஞ்சு, எலுமிச்சைக்கு இவ்விரண்டும் வேண்டா. கையால் பிழியும் கருவியே போதும். ஆரஞ்சை மிக்சியில் இடுவதாயின் விதைகளையும் வெண்தோலையும் நீக்குதல் வேண்டும். அவை அரைபட்டால், முதலில் இனிக்கும் சாறு சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும். பேஷன் பழத்தின் விதைகள் உடையாதவாறு இரண்டொரு நொடி மட்டும் சுழற்றி வடிகட்டுக. அன்னாசி, பப்பாளி இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு; பாலுடன் அரைத்து வைத்தால் கசக்கும். ஆதலின் அரைத்தவுடன் பருகுக, அல்லது பாலைத் தவிர்த்திடுக.

செலவும் தூய்மையும்

மின்செலவைக் கருதி எக்கருவியையும் விலக்க வேண்டுவதில்லை. 750 வாட் மிக்சி 2 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் 40-இல் ஒரு பங்கே செலவாகும். 200 வாட் மெதுவகை ஜூசர் 10 நிமிடம் ஓடினால் 30-இல் ஒரு பங்கு. ஆனால் மின்னழுத்தம் தாழ்ந்து விளக்குகள் மங்கும் வேளையில் எந்த மோட்டாரையும் இயக்காதிருத்தல் நலம். மோட்டார் சூடேறிப் பழுதடையும்.

கழுவும் வேலையே மெய்யான செலவு. ஜூசரின் சல்லடைக் கண்களில் தங்கும் ஈரச் சக்கையில் கிருமிகள் விரைந்து பெருகும். பயன்படுத்தியவுடன் பிரித்துத் தேய்த்துக் கழுவி உலர்த்த இயலாத வீட்டில் அக்கருவி இல்லாதிருப்பதே மேல். நீர் சேர்ப்பதாயின் கொதித்து ஆறிய நீரையே சேர்த்தல் வேண்டும்.

முடிவு

தோட்டத்துப் பழம் கூடை கூடையாக மிஞ்சி, ஸ்குவாஷ் முதலியன செய்து வைக்கும் வீட்டிற்கு ஜூசர் தகும். மற்றைய வீடுகளுக்கு, இட்லி மாவும் சட்னியும் அரைக்கும் மிக்சியும், ஒரு வடிகட்டியும் போதும். அவற்றினும் சிறந்த கருவி பல்லே என்பதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். தோலுரித்த நான்கு ஆரஞ்சுகளை நிறுத்து, பிழிந்து, எஞ்சும் சக்கையை மீண்டும் நிறுக்கச் செய்க. பிறகு, ஒரு மாணவர் ஒரு பழத்தை உண்ணவும் மற்றொருவர் ஒரு பழத்தின் சாற்றைப் பருகவும் ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்கச் செய்க. கரும்பலகையில் எழுதப்படும் அவ்வெண்களே, எக்கருவியை வாங்குவது என்பதை வீட்டாருக்கு விளக்கப் போதுமானவை.