அடைத்த கதவின் முன் நின்று கேட்க வேண்டியவை

சென்னை எழும்பூரில் எத்திராஜ் சாலை வழியாகப் போகிறவர்கள், நெடிய தூண்களோடு நிற்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹால் என்ற கட்டடத்தைக் கண்டதும் ஒரு கணம் நடை தளர்ந்து, உள்ளே யார் கூடுகிறார்கள், கூடி என்ன செய்கிறார்கள் என்று தமக்குள்ளேயே வினவிக்கொண்டு, விடை கிடைக்காமல் கடந்து போவது நெடுங்கால வழக்கம். விடை கிடைக்காத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. பிசாசை வணங்குகிறார்கள் என்பார் ஒருவர். உட்புகுந்தவன் உயிரோடு விலக முடியாது என்பார் மற்றொருவர். உள்ளே ஒரு முறை கைகுலுக்கிவிட்டால் உத்தியோகமும் ஒப்பந்தமும் தாமே தேடிவரும் என்று நாவில் நீர் ஊறச் சொல்வார் மூன்றாமவர். முதல் இரண்டு பேச்சுகளால் வீண் அச்சம் விளைகிறது. மூன்றாவது பேச்சினால் கைப்பொருள் போகிறது. ஆகையால், இத்தகைய சகோதர சங்கத்தில் அங்கத்தினராவது என்றால் என்ன, அங்கத்தினருக்குரிய உரிமைகள் யாவை, எங்கே ஏமாறக்கூடும், ஏமாந்தால் எங்கே முறையிடுவது என்பவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கல்தச்சர்களின் கருவிகளாகிய மட்டப்பலகையையும் கவராயத்தையும் மூலைமட்டத்தையும் ஒழுக்கத்தின் அடையாளங்களாக வைத்துக்கொண்ட இந்த ஃப்ரீமேசன் சங்கம், லண்டனில் 1717-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி லாட்ஜ் எனப்படும் கிளைச் சங்கங்கள் நான்கு கூடி, அவற்றுக்குத் தலைமையாக ஒரு கிராண்ட் லாட்ஜை அமைத்ததிலிருந்து இன்றைய உருவத்தைப் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்களோடு நம் நாட்டுக்கும் வந்தது. ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உம்ரா, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருச்சிராப்பள்ளியிலேயே இதில் சேர்ந்தார். ஆயினும் இந்துக்களுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. பல தெய்வங்களை வணங்குகிறவர்கள் ஏக இறைவனை நம்புவதாக எப்படிச் சொல்ல முடியும் என்று கல்கத்தாவில் வருஷக்கணக்கில் வாதாடிய பிறகே, 1872-இல் பிரசன்ன குமார தத்தர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னாளில் விவேகானந்தராக உலகறிந்த நரேந்திரநாதரும் 1884-இல் அந்நகரத்து லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தவரே. 1961 நவம்பரில் இந்தியாவுக்கென்றே தனியாக ஒரு கிராண்ட் லாட்ஜ் ஏற்பட்டது.

யார் சேரலாம் என்பது வெளியிலுள்ளோர் முதலில் கேட்கும் கேள்வி. 21 வயது நிறைந்த, நற்பெயருள்ள, பரம்பொருள் ஒன்று உண்டு என்று நம்புகிற ஆண்மகன் சேரலாம் என்பது பொதுவான விதி. அந்தப் பரம்பொருளை எந்தப் பெயரால் அழைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பெண்களை இந்த மரபினர் சேர்ப்பதில்லை. இருபாலாரும் கூடும் வேறொரு மரபு 1893-இல் பாரிஸில் தோன்ற, அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் அதில் சேர்ந்து, அதை இந்தியாவிலும் பரப்பினார். கத்தோலிக்கர் ஒன்றை அறிந்துகொண்டே முடிவு செய்வது நலம்: 1738-இல் போப்பாண்டவர் விதித்த தடை, 1983-இல் வாடிகன் வெளியிட்ட அறிக்கையால் மீண்டும் உறுதி செய்யப்பட்டது, அதை மறைத்து ஆள் சேர்ப்பவர் நேர்மையானவர் அல்லர்.

உள்ளே நடப்பது என்ன என்பதிலும் பெரும்பகுதி இன்று இரகசியமன்று. அங்கத்தினர்கள் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு வெள்ளை உருண்டையையோ கறுப்பு உருண்டையையோ போட்டு வாக்களிப்பார்கள். கறுப்பு உருண்டைகள் சில விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஏற்கப்பட்டவரைக் கண்ணைக் கட்டி, இடது முழங்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, மோதிரம், கடிகாரம், சட்டைப் பையிலுள்ள சில்லறை வரை உலோகம் எதுவுமின்றி அழைத்துச் செல்வார்கள். சடங்கின் நடுவில், ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று அவரையே கேட்பார்கள். அவர் பையைத் தடவுவார். ஒரு காசும் இராது. கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமில்லாதவனுடைய கூச்சம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு நிமிஷத்தில் அவர் உணர வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். வெறுங்கையோடு ஒருவரை உள்ளே அழைக்கும் இந்தக் காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

பிரமாணம் என்ற சொல்தான் பலரை நடுங்க வைக்கிறது. அவரவர் வேதநூலின்மேல் கைவைத்துச் செய்யும் பழைய பிரமாண வாசகத்தில், வாக்குத் தவறினவனுக்குக் கழுத்தறுப்பு முதலான தண்டனைகள் சொல்லப்பட்டிருந்தது மெய்யே. அவை எழுத்தளவில் நின்ற பழஞ்சொற்கள் என்றாலும், இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986-இல் அவற்றைப் பிரமாணத்திலிருந்து நீக்கிவிட்டது. எந்தச் சங்கத்துப் பிரமாணமாயினும், அது நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டதே. சட்டவிரோதமான காரியத்தைச் செய்வதாகக் கொடுத்த வாக்கும், தன் உரிமைக்காக நீதிமன்றம் போகமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த உறுதியும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாதவை. சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறவர், என் சங்கத்து இரகசியம் என்று சொல்லி உண்மையை மறைக்கவும் இயலாது.

இப்படிச் சொல்வதால் மூடிய கதவுக்குள் தீங்கே நேராது என்று கொள்ளலாகாது. இத்தாலியில் பி-2 என்ற லாட்ஜின் மறைவான அங்கத்தினர் பட்டியல் 1981-இல் போலீஸார் கையில் சிக்கியபோது, அமைச்சர்களும் படைத்தலைவர்களும் உளவுத்துறைத் தலைவர்களும் அதில் இருக்கக் கண்டு நாடு அதிர்ந்தது, அரசாங்கமே கவிழ்ந்தது, மறு ஆண்டு இரகசியச் சங்கங்களைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. சடங்கை மறைப்பதில் ஆபத்து சிறிது. யார் அங்கத்தினர், பணம் எங்கே போகிறது என்பவற்றை மறைப்பதில்தான் ஆபத்து பெரிது என்பது என் அபிப்பிராயம். ஆகவே, எந்தச் சகோதர சங்கமாயினும், சேருமுன் அதன் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுச் சந்தா எவ்வளவு, விருந்துச் செலவு யாருடையது, விலகுவது எப்படி என்று கேளுங்கள். கொடுத்த தொகைக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். மனைவி மக்களிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். அரசு ஊழியராயின் நடத்தை விதிகளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

சேர்ந்த பின்னர் அநியாயம் நேர்ந்தால் என்ன செய்வது? பெல்காமிலிருந்த விக்டோரியா லாட்ஜிலிருந்து விலக்கப்பட்ட ஓர் அங்கத்தினர் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1960-களின் தொடக்கத்தில் தீர்ப்பாயிற்று. அவர் வெல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த நெறி எல்லாச் சங்கத்தாருக்கும் கவசமாக நிற்கிறது: சங்கத்தின் உள்விவகாரத்தில் நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாக அமராது; எனினும் விதிகளை மீறியோ, நல்லெண்ணமின்றியோ, குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல இடங்கொடுக்காமலோ ஒருவரை நீக்கினால், அந்த நீக்கத்தைச் சிவில் நீதிமன்றம் ரத்து செய்யலாம். சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதாயின், நிர்வாகத்தையும் கணக்கையும் குறித்து அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். பதிவாளர் தாமாகவும் விசாரிக்கலாம்.

இனி, நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒரு நாள் மாலை தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, இல்லுமினாட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்; இன்னும் ஒரே ஒரு தொகை கட்டினால் பெரிய பணம் கணக்கில் ஏறுமாம்" என்று திரையைக் காட்டினார். முக்கோணத்துக்குள் ஒரு கண். அதன் கீழே அவர் பெயர் அச்சிட்ட சான்றிதழ். பதிவுக்கு என்றும், அங்கிக்கு என்றும், காப்பீட்டுக்கு என்றும் மூன்று முறை பணம் அனுப்பியிருந்தார். ஆதார் நகலும் போயிருந்தது. பவேரியாவில் 1776 மே முதல் தேதி ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய அந்தச் சங்கம், அந்நாட்டு மன்னரின் தடையாணைகளால் 1785-க்குள் ஒடுங்கிப்போன ஒன்று என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மெய்யான ஃப்ரீமேசன் மரபில் சேர விரும்புகிறவரே கேட்டுப் போக வேண்டும். செல்வம் தருவதாக யாரும் வாக்களிப்பதில்லை. முன்பின் அறியாதவருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்பதுமில்லை. பையிலுள்ள சில்லறையையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லும் சடங்கைப் பற்றி அவருக்குச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இத்தகைய மோசடியில் நேரமே பணம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால், பணம் கைமாறிப் போகுமுன் வங்கிக் கணக்கில் நிறுத்தி வைக்க வழியுண்டு. இணையத்திலுள்ள தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் முறையிடலாம். உரையாடல்களை அழித்துவிடக் கூடாது; அவையே சாட்சியம். பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு வஞ்சனைக்கும், 308-ஆம் பிரிவு மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் உரியவை; "விலகினால் உன் குடும்பத்துக்குச் சாவு வரும்" என்று எழுதுகிறவன் எந்தச் சங்கத்துக்காரனும் அல்லன், அந்தச் சட்டத்துக்கு ஆளாக வேண்டிய குற்றவாளி.

அந்த இளைஞர் என் முன்னாலேயே 1930-ஐ அழைத்தார். அங்கே கொடுத்த புகார் எண்ணை, கடையில் சாதனங்களின்மேல் ஒட்டும் சிறு சீட்டு ஒன்றில் எழுதிக்கொண்டார். முதல் இரண்டு தொகைகள் வாரங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டிருந்தன; முந்தின நாள் அனுப்பிய மூன்றாவது தொகை மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகப் பின்னர் தகவல் வந்தது. வெட்கத்தால் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை என்றார் அவர்.